பதற்றத்தைப் படிக்கும் கருவி

பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையிலிருந்தே, அன்றைய பொழுது அவளுக்கு எப்படிக் கழிந்தது என்பதை அறிந்துகொள்ளும் தாய்மார்கள் நம் இல்லங்களில் உண்டு. வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகன், "நான் நன்றாகத்தான் இருக்கிறேன் உம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், அவன் நன்றாக இல்லை என்பது அந்தத் தாயின் உள்ளத்துக்கு எட்டிவிடுகிறது. எந்தச் சொல் அதைக் காட்டிக்கொடுத்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவருடைய கணிப்பு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அன்பிற்குரிய வாசகர்களே! தாய்க்குக் கைவந்த இந்தக் கலையை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? ஒருவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலேயே, அவருடைய தலையில் பொருத்திய ஒரு பட்டை அவர் மனத்தின் பதற்றத்தை அந்த விநாடியிலேயே கண்டறிந்து அறிவிக்குமா? "முடியும்" என்று சில ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அதற்கான கருவிகளும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. அவை நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் முன், அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதை நாம் தெளிவாக அறிந்துவைத்திருப்பது நல்லது.

இது ஏதோ சிலருக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் 30 கோடியே 10 இலட்சம் பேர் பதற்ற நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் 5 கோடியே 80 இலட்சம் பேர் சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் ஆவர். இந்நோய்க்குப் பயன்தரும் சிகிச்சைகள் இருந்தும், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அது கிடைக்கிறது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. எஞ்சிய மூவரின் பதற்றம், யாரும் கண்டறியாமலோ கண்டறிந்தும் கவனிக்காமலோ கழிந்துபோகிறது. எனவேதான் கண்டறியும் கருவி ஒன்று வேண்டும் என்ற வேட்கை எழுந்தது.

ஒரு தந்தியின் கதை

வியப்பு என்னவென்றால், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியின் வரலாறே ஒரு பதற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் 1873ஆம் ஆண்டு பிறந்தவர் ஹான்ஸ் பெர்கர். 1890களின் தொடக்கத்தில், இருபது வயதை ஒட்டிய இளைஞராக அவர் இராணுவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் ஏறியிருந்த குதிரை அவரைக் கீழே தள்ளியது. பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்த வண்டியின் பாதையிலேயே அவர் விழுந்தார். வண்டியோட்டி குதிரைகளைக் கடைசி நொடியில் இழுத்து நிறுத்தியதால் உயிர் பிழைத்தார்.

அன்றே அவருக்குத் தந்தையிடமிருந்து ஒரு தந்தி வந்தது. மகன் நலமா என்று விசாரித்து அனுப்பிய தந்தி அது! தொலைவில், வீட்டிலிருந்த அவருடைய சகோதரிக்கு, உடன்பிறந்தவனுக்கு ஏதோ ஆபத்து நேர்ந்துவிட்டது என்ற கலக்கம் திடீரென எழுந்ததாம். தந்தி அடித்தே ஆகவேண்டும் என்று அவர்தான் தந்தையை வற்புறுத்தினாராம்.

தம்முடைய மரண பயம் எப்படியோ சகோதரியின் மனத்தை எட்டியிருக்க வேண்டும் என்று பெர்கர் வாழ்நாள் முழுவதும் நம்பினார். மனத்தின் ஆற்றலுக்கு உடலில் ஓர் அடையாளம் இருக்குமா என்று தேடுவதற்காகவே மருத்துவம் பயின்றார். யேனா நகரப் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவரானார். மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி தாவும் என்ற அவருடைய நம்பிக்கையை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால், அந்த நம்பிக்கையின் பின்னால் நடந்த மனிதர் வழியில் வேறொன்றைக் கண்டெடுத்தார்.

விலங்குகளின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் உண்டு என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ரிச்சர்டு கேட்டன் என்னும் மருத்துவர் 1875ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார். மனிதரிடம் அதை முதன்முதலாகப் பதிவு செய்தவர் பெர்கர். 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது நிகழ்ந்தது. கண்டது உண்மைதானா என்ற ஐயம் அவரை விட்டு அகலாததால், ஐந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே 1929இல் வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற ஆங்கில அறிஞர் எட்கர் ஏட்ரியன், மேத்யூஸ் என்பவருடன் சேர்ந்து 1934இல் கேம்பிரிட்ஜில் அதையே செய்துகாட்டிய பிறகுதான் உலகம் பெர்கரைத் திரும்பிப் பார்த்தது. இன்று மருத்துவமனைகளில் வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி. என்னும் பதிவு அவர் தந்ததே ஆகும்.

அலைகள் சொல்லும் சேதி

நமது மூளையில் பல்லாயிரம் கோடி நரம்பு உயிரணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று மின்சமிக்ஞைகளால் உறவாடுகின்றன. இலட்சக்கணக்கான உயிரணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது, அந்த மின்னசைவின் சாயல் மண்டையோட்டையும் கடந்து தலையின் தோலுக்கு வந்து சேர்கிறது. அதைத்தான் மின்வாய் எனப்படும் சிறு உலோக வில்லைகள் பிடிக்கின்றன.

வந்து சேரும் அளவு மிக மிகச் சிறியது. ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தம் 1.5 வோல்ட். அதை முப்பதாயிரம் பங்காக வகுத்து ஒரு பங்கை எடுத்தால் 50 மைக்ரோவோல்ட்! கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்போர் பேசுவதைச் சுவரில் காது வைத்துக் கேட்பதற்கு இதனை ஒப்பிடலாம். ஆரவாரம் கேட்கும், அமைதியும் தெரியும். யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது மட்டும் கேட்காது.

இந்த அலைகளை அவற்றின் வேகத்தைக் கொண்டு வகைப்படுத்தியுள்ளனர். விநாடிக்கு 4 முறைக்கும் குறைவாக அசைவது டெல்டா. ஆழ்ந்த உறக்கத்தில் மிகுவது. 4 முதல் 8 வரை தீட்டா. 8 முதல் 13 வரை ஆல்ஃபா. கண்களை மூடி ஓய்வாக இருக்கும்போது தலையின் பின்புறத்தில் நன்றாகத் தெரிவது. 13 முதல் 30 வரை பீட்டா. விழிப்போடும் முனைப்போடும் இருக்கையில் காணப்படுவது. அதற்கும் மேற்பட்டது காமா. கண்களைத் திறந்தாலோ ஒரு மனக்கணக்கில் மூழ்கினாலோ ஆல்ஃபா அலை தணிந்துவிடுவதைப் பெர்கரே கவனித்திருந்தார்.

அப்படியானால், ஆல்ஃபா குறைந்து பீட்டா மிகுந்தால் பதற்றம் என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு எளிதன்று. மகிழ்ச்சியால் துள்ளும் மனமும் அச்சத்தால் துடிக்கும் மனமும் விழிப்பான மனங்களே. முன்மூளையின் வலப்புறமும் இடப்புறமும் ஆல்ஃபா அலை சமமாக இல்லாமை உணர்ச்சிகளோடு தொடர்புடையது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டேவிட்சன் முன்வைத்த கருத்து, பல்லாண்டுக் காலமாக ஆராயப்பட்டும் இன்னும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது. போதாக்குறைக்கு, கண் இமைப்பதும் பல்லைக் கடிப்பதும் நெற்றியைச் சுருக்குவதும் எழுப்பும் மின்னசைவு, மூளையலையைவிடப் பல மடங்கு பெரியது. பதற்றப்படும் மனிதர் இவை அனைத்தையும் செய்வார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! கருவி படித்தது மூளையையா, தாடையையா என்று ஆராய்ச்சியாளரே தடுமாறும் இடம் இது.

இயந்திரம் எப்படிக் கற்கிறது?

மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடுகளைக் கண்டெடுக்கத்தான் இயந்திரக் கற்றல் என்னும் கணினி முறையை நாடுகின்றனர். பெயர் கேட்டு மலைக்க வேண்டாம். சிறுவனுக்கு மாங்காய் எது, மாம்பழம் எது என்று கற்பிக்க நாம் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. நூறு காய்களையும் நூறு பழங்களையும் காட்டுகிறோம், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறோம், பிறகு புதிய ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கிறோம். கணினிக்கும் இதே பாடம்தான். பதற்றமான நேரத்து அலைகளையும் அமைதியான நேரத்து அலைகளையும் ஆயிரக்கணக்கில் அதற்குக் காட்டுகின்றனர். "இது பதற்றம், இது அமைதி" என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டித் தருகின்றனர். இரண்டையும் பிரிக்கும் கோட்டைக் கணினி தானே தேடிக் கண்டுகொள்கிறது.

துனீசியா நாட்டின் ஸ்ஃபாக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்றாகும். 23 பேரை அவர்கள் அழைத்தனர். எளிதில் அணியக்கூடிய, கம்பியில்லாத, விலை மலிவான ஒரு கருவியை அவர்கள் தலையில் பொருத்தினர். அதில் 14 மின்வாய்கள் உண்டு. விநாடிக்கு 128 முறை அது அளவெடுக்கும். அதாவது, ஒரு மனிதரின் ஒரே விநாடி 1,792 எண்களாகக் கணினிக்குள் சென்று சேரும்.

திரைப்படமோ பாட்டோ காட்டி உணர்ச்சியைத் தூண்டுவது பல ஆய்வுகளின் வழக்கம். துனீசிய ஆய்வாளர்கள் அவ்வாறு செய்யவில்லை. மனநல மருத்துவ நிபுணர் ஒருவர் எதிரே அமர்ந்து, கலக்கம் தரும் சூழ்நிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பங்கேற்றவர் அச்சூழ்நிலையில் தம்மை வைத்து நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும், தாம் எவ்வாறு உணர்ந்தார் என்பதை அவரே மதிப்பெண் இட்டுச் சொன்னார். மாக்ஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர் 1959இல் வகுத்த 14 அம்சங்கள் கொண்ட பதற்ற அளவுகோலும் பயன்படுத்தப்பட்டது.

விளைவு என்ன? பதற்றம் உண்டா இல்லையா என்று இரண்டாகப் பிரிப்பதில் கணினி 83.50 விழுக்காடு சரியாகச் சொன்னது. பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்தபோது 74.60 விழுக்காடு. ஒரே ஒரு விநாடி நீளமுள்ள அலைத்துண்டே போதுமானதாக இருந்தது என்றும் அவர்கள் கண்டனர். "உடனுக்குடன் கண்டறியலாம்" என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. அலையை ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று துண்டுபோட்டுக்கொண்டே சென்று, ஒவ்வொரு துண்டுக்கும் கணினி தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே வரும்.

இங்கே ஒரு கணம் நின்று சிந்தித்துப் பாருங்கள். "இது பதற்றம்" என்ற பெயர் கணினிக்கு எங்கிருந்து கிடைத்தது? ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து கேட்டார்; இன்னொரு மனிதர் மனம் திறந்து சொன்னார். அந்தச் சொல்தான் இயந்திரத்தின் பாடநூல். மனிதர் உண்மையை மறைத்திருந்தால் இயந்திரமும் பிழையாகவே கற்றிருக்கும். மனிதர் சொல்வதை நம்பாமல் நேரே மூளையைக் கேட்கிறோம் என்று கருவி விற்பவர் விளம்பரம் செய்யலாம். ஆனால் அந்தக் கருவியின் அறிவு முழுவதும், என்றோ எவரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்ன சொல்லிலிருந்து கடனாகப் பெற்றதே ஆகும்.

எண்பத்து மூன்றரையின் பொருள்

83.5 விழுக்காடு என்பது தேர்வுத்தாளில் நல்ல மதிப்பெண். வாழ்க்கையில் அதன் பொருள் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளியை எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களில் நூறு பேர் உண்மையிலேயே பதற்றத்தில் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கருவி எந்தப் பக்கத்திலும் 83.5 விழுக்காடு சரியாகச் சொல்வதாகவும் கொள்வோம். நூறு பேரில் ஏறத்தாழ 84 பேரை அது கண்டுபிடித்துவிடும். 16 பேரைத் தவறவிடும். மீதியுள்ள 900 பேரில், எந்தப் பதற்றமும் இல்லாத 148 பேரைப் பதற்றக்காரர்கள் என்று சுட்டிக்காட்டும்! ஆக, கருவி விரல் நீட்டும் 232 பிள்ளைகளில் மூவருக்கு இருவர் வீதம் அந்தப் பெயருக்கு உரியவர்களே அல்லர். அந்த 148 பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தவறவிடப்பட்ட 16 பிள்ளைகளின் நிலையோ அதைவிட மோசம். "கருவியே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதே" என்று வீட்டார் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில ஆய்வுகளில், ஒருவருடைய பதிவைத் துண்டு துண்டாக நறுக்கி, சில துண்டுகளைக் கற்பிக்கவும், அதே மனிதரின் மற்றத் துண்டுகளைச் சோதிக்கவும் பயன்படுத்துகின்றனர். வகுப்பில் போட்டுக்காட்டிய கணக்கையே தேர்விலும் கேட்பதைப் போன்றது இது. மதிப்பெண் உயரும்; அறிவு உயர்ந்ததாகாது. இதுவரை பார்த்திராத புதிய மனிதர் ஒருவரின் அலையைக் கொடுத்தால், கணினியின் திறன் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ஏனெனில் கைரேகை போலவே மூளையலையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அலாரம் அடிக்கத் தெரிந்த கருவிக்குக் காரணம் தெரியாது. மகளின் பதற்றம் நாளைய கணக்குத் தேர்வாலா, பேருந்தில் தொல்லை தரும் ஒருவனாலா, வாப்பாவின் கடன் பற்றி அறைக்கு வெளியே கேட்ட பேச்சாலா? அலையில் இந்த வேறுபாடு எழுதப்பட்டிருக்கவில்லை. அதை அறிய அவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஆழத்தில் கேட்கும் ஒலி

இவ்வளவும் சொன்னதனால் இந்த ஆராய்ச்சியே வீண் என்று கருதிவிடக் கூடாது. அதன் உண்மையான பயன் வேறோர் இடத்தில் முளைவிட்டிருக்கிறது.

அச்சத்தை உணர்வதில் பெரும்பங்கு வகிக்கும் அமிக்டலா என்னும் பகுதி, வாதுமைக் கொட்டை அளவில் மூளையின் ஆழத்தில் இருக்கிறது. தலையின் மேல் வைக்கும் பட்டைக்கு அதன் குரல் சரியாக எட்டுவதில்லை. வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சைக்கு முன், நோயின் இருப்பிடத்தைக் கண்டறிய மருத்துவர்கள் சிலருக்கு மூளைக்குள்ளேயே மின்வாய்களைச் சில நாட்கள் வைப்பதுண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அத்தகைய 21 நோயாளிகளின் இசைவைப் பெற்று அவர்களுடைய மனநிலையையும் அவ்வப்போது கேட்டுப் பதிவு செய்தனர். 2018இல் வெளியான முடிவின்படி, அவர்களில் 13 பேரிடம் அமிக்டலாவுக்கும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிக்கும் இடையிலான பீட்டா அலைத் தொடர்பு, மனநிலை தாழும்போது மாறுபட்டதைக் கண்டனர்.

அதே பல்கலைக்கழகம் 2021இல் மேலும் ஒரு படி சென்றது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கடும் மனச்சோர்வில் வாடிய ஒரு பெண்மணியின் மூளைக்குள் சிறு கருவியொன்றைப் பொருத்தினர். அவருடைய அமிக்டலாவில் நோயின் அறிகுறியான காமா அலை மிகும்போது கருவி அதை உணரும். உடனே மூளையின் மற்றோர் இடத்துக்கு 6 விநாடி மெல்லிய மின்தூண்டல் தரும். அவருடைய துயரம் பெருமளவு தணிந்தது. கண்டறிவதும் உதவுவதும் ஒரே கருவியில் இணைந்த நிகழ்ச்சி இது. ஆனால் கவனியுங்கள்: இது ஒரே ஒருவருக்காக, அவருடைய அலைகளையே பல நாட்கள் படித்து, அவருடைய முழுச் சம்மதத்துடன், மருத்துவர்களின் நேரடிப் பொறுப்பில் அமைக்கப்பட்டது. கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் பட்டைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

அமானிதம் யார் கையில்?

கருவியின் திறமையைவிடப் பெரிய கேள்வி, அது யார் கையில் இருக்கிறது என்பதே.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் நெற்றிப்பட்டை அணிந்து வகுப்பில் அமர்ந்திருந்த காட்சி 2019ஆம் ஆண்டு அக்டோபரில் பரவியது. பாடத்தில் கவனம் உள்ளதா இல்லையா என்பதை மூளையலையைக் கொண்டு அறிந்து, பட்டையிலுள்ள விளக்கு நிறம் மாறிக் காட்டும். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தகவல் போகும். அங்கே அளக்கப்பட்டது கவனமே, பதற்றம் அன்று. ஆனால் தன் நெற்றியில் எரியும் விளக்கை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அறிந்த ஒரு குழந்தைக்குப் பதற்றம் வராமல் இருக்குமா? பொதுமக்கள் கண்டனம் எழுப்பவே, கல்வி அதிகாரிகள் அதை நிறுத்தச் செய்தனர்.

நம் நாட்டில் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் மூளையலையைப் பதிவு செய்து உண்மையை வரவழைக்கும் முறை காவல்துறை விசாரணைகளில் கையாளப்பட்டு வந்தது. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மயக்க மருந்து தந்து விசாரிப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளை மின்னலைச் சோதனை ஆகிய எதனையும் ஒருவரின் இசைவின்றிக் கட்டாயமாகச் செய்யக் கூடாது என்று அது விதித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற அரசியல் சட்ட உரிமை மனத்தின் உள்ளறைக்கும் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தென் அமெரிக்காவின் சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து பெறும் தகவலுக்கும் தன் அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்புத் தந்தது. முன்னாள் செனட்டர் கீடோ ஹிரார்டி என்பவர் தம் மூளையலைத் தகவலைச் சேமித்து வைத்திருந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அத்தகவலை அழிக்கும்படி 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் உடற்குறிகளைக் கொண்டு மனிதர்களின் உணர்வுகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 2 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது.

அமானிதம் என்ற சொல்லின் கனம் நம் இல்லங்களில் அனைவருக்கும் தெரியும். அண்டை வீட்டார் நம்பித் தந்த நகையை நாம் எடைபோட்டுப் பார்ப்பதுகூட இல்லை. ஒருவருடைய பதற்றம் அந்த நகையைவிட மதிப்பு வாய்ந்தது. அதை அவர் தாமே எடுத்துத் தரும்போது மட்டுமே நாம் பெற்றுக்கொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியவை

மனத்தை அமைதிப்படுத்தும் என்றும் பதற்றத்தைக் காட்டும் என்றும் சொல்லி எவரேனும் உங்களிடம் தலைப்பட்டையை விற்க வந்தால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை மருத்துவக் கருவியாக எந்த அரசு அமைப்பாவது ஏற்றிருக்கிறதா? எத்தனை பேரிடம், அதிலும் இதற்கு முன் கருவி பார்த்திராத புதியவர்களிடம், சோதித்தீர்கள்? எத்தனை பேரைத் தவறாகச் சுட்டியது? பதிவாகும் தகவல் எங்கே போகிறது, அதை அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா? இவற்றுக்குத் தெளிவான விடை இல்லையெனில் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

மின்சாரமும் கம்பியும் தேவைப்படாத ஒரு கருவி ஏற்கெனவே உள்ளது. 2006ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்திவரும் ஜி.ஏ.டி.-7 என்னும் ஏழு கேள்விகள் கொண்ட தாள் அது. கடந்த இரண்டு வாரங்களில் படபடப்பு இருந்ததா, கவலையை நிறுத்த முடியவில்லையா, பலவற்றைப் பற்றியும் அளவுமீறிக் கவலைப்பட்டீர்களா, மனத்தைத் தளர்த்த முடியவில்லையா, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு இருந்ததா, எளிதில் எரிச்சல் வந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்ததா என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பதற்ற நோய் உள்ள நூறு பேரில் 89 பேரை இத்தாள் கண்டுபிடித்ததாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்தனர். நோய் இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினரை இல்லையென்றே சரியாகச் சொன்னது. தாள் அளப்பது இரண்டு வார நிலை. தலைப்பட்டை அளப்பது ஒரு விநாடி நிலை. எனவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆயினும், கேட்பதும் சொல்வதும் எவ்வளவு வலிமையானவை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

உறக்கம் கெடுதல், காரணமின்றி நெஞ்சு படபடத்தல், அடிக்கடி வயிற்றைப் பிசைதல், பள்ளிக்கோ வேலைக்கோ போக மறுத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் தயங்காமல் மருத்துவரை நாடுங்கள். உடல் நோயால் வரும் படபடப்பும் உண்டு. அதையும் அவர் ஆராய்வார். வெளியே செல்லக் கூச்சப்படுவோருக்கு, நமது நடுவண் அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் கட்டணமில்லாத தொலைபேசிச் சேவை இருக்கிறது. அதன் எண் 14416. எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம்.

தந்தி அடித்த தந்தை

பெர்கரின் முடிவைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. நாஜிகள் ஆட்சியில், மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய ஆணையிட்ட நீதிமன்றத்தில் அவரும் பங்கேற்றிருந்ததை வரலாற்றாசிரியர்கள் வெளிக்கொணர்ந்துள்ளனர். மனத்தைப் படிக்கும் கருவியைத் தந்தவரே, மனம் நலிந்தோருக்கு அநீதி இழைத்த அவையில் அமர்ந்திருந்தார்! கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. 1938இல் ஓய்வு பெற்ற அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனித மூளையின் அலைகளை உலகுக்குக் காட்டியவரின் துயரத்தை எந்த அலையும் தடுத்து நிறுத்தவில்லை.

அவருடைய இளமையில் வந்த அந்தத் தந்தியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சகோதரியின் உள்ளத்தில் எழுந்த கலக்கம் தற்செயலானதாகவே இருக்கலாம். ஆனால் அவர் அதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் தந்தையிடம் சொன்னார். தந்தை, "வீண் கற்பனை" என்று ஒதுக்காமல் தந்தி அலுவலகம் சென்றார். விபத்திலிருந்து மீண்டு நடுங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் கையில் அன்று மாலை, "நலமா?" என்ற கேள்வி வந்து சேர்ந்தது. அவர் அதை ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

இன்று தந்தி இல்லை. 2013ஆம் ஆண்டு ஜூலையோடு நம் நாட்டில் அச்சேவை முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி இருக்கிறது. இன்றிரவு உணவு முடிந்ததும், பேசாமல் எழுந்து போகும் அந்த ஒருவரின் அருகே சற்று அமர்ந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.